இமாலயனை ஏற்ற எத்தனை அடி வேண்டும்?

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிற்பாடு செய்தியில் கேட்டோம். பாபநாசம், மணிமுத்தாறு என்று மேற்கே இருந்து வந்த தண்ணீரெல்லாம் தாமிரபரணியில் சேர்ந்து கரை புரண்டு, வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டின எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் சர்டிபிகேட் பையையும் மாடிக்கு ஏற்றினோம். வாசலில் நின்ற என் ராயல் என்ஃபீல்டு இமாலயனை ஏற்ற வழியில்லை. விடிந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு கண்ணாடிகளும் ஹேண்டில் பாரும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

வால்பாறை, குடகு, ஹம்பி என்று ஆறு வருடம் என்னைத் தூக்கிச் சுமந்த வண்டி அது. தண்ணீருக்குள் அது அப்படி நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் தெருவில் ஆளாளுக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் விட்டுக்கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால் மாதிரி ஆகிப்போன ஆயிலை வடித்து, இரண்டு மூன்று தடவை புது ஆயில் ஊற்றிக் கழுவின பிறகுதான் சாவியைத் தொடலாம். இதெல்லாம் நடக்க வண்டி மெக்கானிக் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். உருட்டிப் போகும் தூரமில்லை. அதுவரை ஒரு பைக்கை இன்னொரு வண்டியில் ஏற்றுவதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

அந்த வாரம் திருநெல்வேலியில் டாட்டா ஏஸ் என்கிற குட்டி யானை ஒன்று கிடைத்ததே பெரிய விஷயம். தெருவுக்கு இருபது பைக் கெட்டுக் கிடந்தது. டிரைவர் தம்பி வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஏறிரும் அண்ணாச்சி, இதவிடப் பெருசெல்லாம் ஏத்தியிருக்கோம்" என்றார். நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்தோம். ஏறத்தான் செய்தது. ஆனால் முன்சக்கரம் கேபினில் முட்டின பிறகும் பின்னால் பெட்டி மாட்டும் கேரியர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பின்கதவு மூடவில்லை. கதவைத் தொங்கவிட்டு, நைலான் கயிற்றை ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் சுற்றி, சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திக் கட்டினார். நானும் சரி என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது முதல் குலுக்கலில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கியது. அமுங்கினதும் கயிறு தளர்ந்தது. இரண்டாவது குலுக்கலில் சைடு ஸ்டாண்ட் தகட்டில் வழுக்கி, 200 கிலோ என் பக்கமாகச் சாய்ந்தது. நான் தோள் கொடுத்தேன். கிளட்ச் லீவர் ஒடிந்தது, டேங்கில் ஒரு உள்ளங்கை அளவு ஒடுக்கு விழுந்தது. வெள்ளத்துக்குத் தப்பின டேங்க். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமே வரவில்லை; அவருக்கும் அன்று நாலாவது நாளாகத் தூக்கம் இல்லை.

வண்டி பிழைத்துக்கொண்டது. அந்த ஒடுக்கை நான் இன்னும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே மெக்கானிக் வீட்டில் டேப் ஒன்று வாங்கி, பைக்கையும் குட்டி யானையின் தளத்தையும் அளந்தேன். என்னுடையது பழைய 411 சி.சி. இமாலயன். நீளம் 2190 மில்லிமீட்டர். டாட்டா ஏஸின் தளம் 2200 மில்லிமீட்டர். மிச்சம் ஒரு சென்டிமீட்டர், விரல் நுழையாத இடம். காகிதத்தில் பார்த்தால் ஏறுகிறது. கேரியரை நான் வெளியே வாங்கி மாட்டியது. அது அந்தக் கணக்கில் இல்லை. பெட்டியையும் மாட்டினால் இன்னும் ஒரு அடி. அந்த வண்டி மேல் தப்பில்லை. 2005இல் வந்த நாளிலிருந்து சந்து பொந்தெல்லாம் புகுந்து சிமென்டும் வாழைத்தாரும் சுமக்கிற வண்டி அது. தப்பு, "ஏறிரும்" என்ற ஒரு சொல்லை நாங்கள் எல்லோரும் போதும் என்று நினைத்ததில் இருந்தது.

அப்புறம் நான்கைந்து தடவை என் வண்டியையும் அடுத்தவர்கள் வண்டியையும் ஏற்றி இறக்கின பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: தளத்தின் அளவை பைக்கின் நீளம் முடிவு செய்வதில்லை. கட்டுகிற பெல்ட்டுக்கு எவ்வளவு இடம், பிடித்து நிற்கிற ஆளுக்கு எவ்வளவு இடம், பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்த எவ்வளவு இடம் என்பதுதான் முடிவு செய்கிறது. பைக் வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்கிற மாதிரி, டிரெய்லர் பார்க்கிறவர்கள் எல்லோரும் "எத்தனை கிலோ தாங்கும்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிலோ கணக்கு லேசானது. சிக்கல் அடிக்கணக்கில் இருக்கிறது.

பெல்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அகலம் அதை வைத்துத்தான் வருகிறது. பைக்கை ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டக் கூடாது. இரண்டு சக்கரத்திலும் நேராக நிற்க வேண்டும், முன்சக்கரத்தை ஒரு இரும்புச் சட்டம் கவ்வியிருக்க வேண்டும். ஹேண்டில் பாரின் நுனியில் கட்டினால் அது திரும்பும், வளையும். அதற்குக் கீழே, ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கட்டையில் துணி வளையத்தைப் போட்டு, அதிலிருந்து பல்சக்கரத்தில் இறுக்குகிற ராட்செட் பெல்ட்டை இரண்டு பக்கமும் கீழ்நோக்கி, கொஞ்சம் முன்னாலும் இழுக்க வேண்டும். ஃபோர்க் பாதி அளவு அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் சீல் ஒழுகும். அமுக்காமல் விட்டால் ரயில்வே கேட்டில் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

அந்தக் கட்டை தளத்திலிருந்து மூன்றடி உயரத்துக்கு மேல் இருக்கிறது. பெல்ட் அங்கிருந்து செங்குத்தாக இறங்கினால் வண்டியைக் கீழே அமுக்கும், ஆனால் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. கூடாரத்துக் கயிறு மாதிரி அகன்று இறங்கினால்தான் பிடிப்பு. தளம் 3 அடி அகலம் என்றால் பெல்ட்டுக்கு ஒரு பக்கம் ஒன்றரை அடிதான் கிடைக்கும், கிட்டத்தட்டச் செங்குத்து. 4 அடியில் பரவாயில்லை. 4½ அடியிலிருந்து 5 அடிக்குள் இருந்தால் பெல்ட் நன்றாக அகன்று நிற்கும், செங்குத்துக் கோட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாய்வு கிடைக்கும். பைக் ஒல்லியானதுதானே என்று மூன்றடி அகலத்தில் ஒற்றைப் பைக் டிரெய்லர் அடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு ஆள் நின்று பிடிக்கவும் அதே அகலம்தான் உதவுகிறது. பைக்கை ஏற்றும்போது அது தானாக ஏறாது. ஒருவர் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து ஏற வேண்டும். அவர் கால் வைக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

என் மைத்துனன் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறான். வாழையும் நெல்லும் போடுகிற குடும்பம். அவனிடம் பழைய பொலேரோ ஜீப் ஒன்று உண்டு. வாழைக்கன்று, சொட்டுநீர்க் குழாய், உரமூட்டை இதெல்லாம் கொண்டுபோக அதன் பின்னால் இழுக்கிற மாதிரி இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வாங்கலாம் என்று 2024 பங்குனியில் ஆரம்பித்தான். "அத்தான், பைக்கும் ஏறுத மாதிரியே வாங்கிருவோம், உங்களுக்கும் ஆச்சு எனக்கும் ஆச்சு" என்றான். என் மனைவிக்கு முதுகுத் தண்டில் வலி வந்த பிறகு பைக்கில் தொலைதூரம் வர முடிவதில்லை. குடும்பம் ஜீப்பில் வர, மலை அடிவாரம் வரை பைக்கையும் இழுத்துக்கொண்டு போய்விட்டால் எல்லோரும் சேர்ந்தே ஒரு ஊருக்குப் போகலாமே என்பது என் ஆசை. இரண்டு வாரம் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவன் மனதில் இருந்தது 6½ அடி. சின்னதாக இருந்தால் ரிவர்ஸ் எடுக்க லேசு என்று நினைத்தான். உண்மை அதற்கு நேர்மாறு. ஜீப்போடு பிணைக்கும் கொக்கியிலிருந்து ஆக்ஸில் வரை தூரம் குறையக் குறைய, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாலே டிரெய்லர் சட்டென்று மடங்கிக்கொள்ளும். நீளமானது நிதானமாகத் திரும்பும், பார்த்துத் திருத்த நேரம் கொடுக்கும். அதற்காக 10 அடியும் வேண்டாம் என்று நான் சொன்னேன். பத்தடித் தளத்தில் பைக் ஒன்றை மட்டும் வைத்தால் மிச்ச இடம் சும்மா இராது. போகிற வழியில் யாராவது எதையாவது ஏற்றச் சொல்வார்கள், நாமும் ஏற்றுவோம். காலியாக இழுக்கும்போது கல்லில் துள்ளும். எங்கள் வண்ணார்பேட்டைத் தெருவில் அதைத் திருப்பவும் முடியாது. கடைசியில் 8 அடிக்கு 4½ அடி என்று முடிவானது.

நீளத்தில் எட்டு ஏன் என்றால், கேரியரைக் கழற்றினால் இமாலயன் 7 அடி 2 இஞ்ச். மிச்சம் 10 இஞ்ச். அந்தப் பத்து இஞ்ச்தான் நகர்த்துகிற இடம். அதன் அருமை அப்போது எனக்கு முழுசாகத் தெரியாது. பின்கதவு மூட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் கேட்டேன். ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 மாதிரி வண்டி என்றால் 2260 மில்லிமீட்டர், 241 கிலோ. அதுவும் எட்டடிக்குள் அடங்கும். ஹோண்டா கோல்டு விங் வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது. அது எட்டரை அடிக்கு ஒட்டி வரும், எடை 350 கிலோவுக்கு மேல். அதற்குப் பத்தடித் தளமும் வேறு வகை டிரெய்லரும் வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் ஒரு சட்டம் அடித்து, பழைய ஆக்ஸிலைப் பூட்டி, பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். அதற்குத் தனி நம்பர் உண்டு. இழுக்கிற வண்டியின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிய வேண்டும். அதனால் மைத்துனன் காகிதத்தோடு கிடைக்கிற டிரெய்லராகப் பார்த்து வாங்கினான். விலை கூடத்தான். ஆனால் ராத்திரி நேரம் நாங்குநேரி ரோட்டில் பின்னால் வருகிற லாரிக்காரர் நம்மைப் பார்க்க வேண்டும் அல்லவா? அதே மாதிரி இழுக்கிற வண்டி. கார் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் அந்தக் காரில் கொக்கி மாட்டாதீர்கள். பொலேரோவுக்கு அடியில் சேஸிஸ் ஓடுகிறது, கொக்கியை அதில் பிடிக்கலாம்.

ஒன்றே ஒன்றில் அவன் என்னைவிட நன்றாக யோசித்தான். டிரெய்லருக்கு ஜீப்பின் சக்கரமே பொருந்துகிற மாதிரி கேட்டு வாங்கினான். சின்ன டிரெய்லர்களுக்கு 10 இஞ்ச், 12 இஞ்ச் சக்கரம் போடுகிறார்கள். ஜீப் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் தூரத்துக்கு அது ஒன்றேகால், ஒன்றரை சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. டயரும் பேரிங்கும் சூடாகும், பள்ளத்தில் ஆழமாக இறங்கும். பெரிய சக்கரம் என்றால் அந்தக் கவலை குறைவு. ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். தளம் மட்டும் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, எங்களுடையது 2 அடி. அது என்ன வேலை செய்யும் என்று ஆடி மாதம் தெரிந்தது.

கன்னியாகுமரிதான் 44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடம்; மறுமுனை ஸ்ரீநகர். அதனால் காஷ்மீரில் கிளம்பிக் குமரி வரை ஓட்டுகிற பிள்ளைகள் வருடம் முழுக்க நம் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவன், நாக்பூர்ப் பையன், குமரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காவல்கிணறு பக்கம் காற்றில் தடுமாறி விழுந்துவிட்டான். மணிக்கட்டில் எலும்பு விரிசல். நாகர்கோவிலில் கட்டுப் போட்டார்கள். வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை, ஆனால் அவனால் ஓட்ட முடியாது. பைக் ஓட்டுகிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அவன் அண்ணன் வந்து ரயில் பார்சலில் போடும் வரை வண்டியை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றார்கள். நானும் மைத்துனனும் களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் வழியாக டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனோம். வண்டி சூப்பர் மீட்டியார்.

முதல் சங்கடம் ஏற்றும்போதே. எங்களிடம் இருந்தது 6 அடிச் சாய்வுப் பலகை. இமாலயனை அதில் ஏற்றும்போது ஒரு தொந்தரவும் வந்ததில்லை, ஏனென்றால் அதன் அடிவயிறு தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூப்பர் மீட்டியாருக்கு 135 மட்டுமே. முன்சக்கரம் தளத்தில் ஏறி, பின்சக்கரம் பலகையில் இருக்கும்போது, பலகையும் தளமும் சேரும் முனையில் வயிறு தட்டி நின்றுவிட்டது. 2 அடி உயரத்துக்கு 6 அடிப் பலகை என்றால் கிட்டத்தட்ட 20 டிகிரி ஏற்றம்; அந்த வண்டி தாண்டக்கூடிய எல்லையும் சரியாக அதே 20 டிகிரிதான் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது தெரிந்தது. 8 அடிப் பலகையாக இருந்தால் 15 டிகிரிக்குள் இருந்திருக்கும். தளத்தின் நீளத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கின நாங்கள் பலகையின் நீளத்தைக் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கியிருந்தோம்.

மைத்துனன்தான் வழி கண்டுபிடித்தான். ஊரில் அவன் டிராக்டரில் எதை ஏற்றினாலும் கன்னடியன் கால்வாய்க் கரையில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தித்தான் ஏற்றுவான், கரையும் தளமும் ஒரே மட்டமாகிவிடும். இங்கே பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ரோடு போடும்போது தள்ளின மண்திட்டு ஒன்று இருந்தது. டிரெய்லரை அதற்கு ஒட்டி நிறுத்தினதும் பலகையின் சாய்வு பாதியாகிவிட்டது. பைக்கைத் திட்டுமேல் கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல உருட்டி உள்ளே விட்டோம். லாரி செட், ரைஸ் மில் திண்ணை, ரயில்வே கூட்ஸ் மேடை என்று நம் ஊரில் இப்படி இடம் எங்கேயும் கிடைக்கும். ஏற்றும் இடம், இறக்கும் இடம் இரண்டையும் கிளம்பும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

முன்சக்கரத்தைக் கவ்வும் சட்டத்தை மாட்டத் தளத்தில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று துளை உண்டு; அவசரத்தில் அதைப் பின் துளையிலேயே விட்டுவிட்டோம். முன்னால் கிடைத்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. பையனின் இரண்டு பைகளையும் அவன் டூல் டப்பாவையும் பின்கதவை ஒட்டிப் போட்டோம். கிளம்பினோம்.

ஆடிக் காற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிற அந்தக் காற்றுக்காகத்தான் முப்பந்தலிலும் காவல்கிணறு, பணகுடிப் பக்கமும் அத்தனை காற்றாலை நிற்கிறது. வடக்குப் பார்த்துப் போகிற வண்டிக்கு அது சரியாக விலாவில் அடிக்கும். காவல்கிணறு தாண்டி வேகம் 70ஐத் தொட்டதும் பின்னால் ஏதோ வால் ஆட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு லாரி எங்களைத் தாண்டினதும் ஆட்டம் பெரிதானது. டிரெய்லர் இடமும் வலமும் வீச, ஜீப்பின் பின்பகுதியையே இழுத்துத் தள்ளியது. பிரேக்கை மிதிக்காதே என்று நான் கத்தினேன். அவனும் மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தான். 40க்கு வந்ததும் ஆட்டம் அடங்கியது. ஓரங்கட்டி நிறுத்தியபோது இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. பின்னால் நின்ற வண்டி நம்முடையதும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை நம்மை நம்பிக் கொடுத்தது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கல்லிடைக்குறிச்சிக்கு என் மாமனாருக்கு போன் போட்டோம். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். சின்ன வயதில் அம்பாசமுத்திரம் மில்லுக்கு மாட்டு வண்டியில் நெல் ஏற்றிப்போனவர். மைத்துனன் சொல்லி முடிக்கும் முன்பே, "எலே, பின்பாரம் ஏத்திட்டியளா?" என்று கேட்டார். அப்புறம் என்னிடம், "மாப்பிள்ளை, வண்டிக்கு எப்பவும் கொஞ்சம் முன்பாரம் இருக்கணும். பின்பாரம் ஏறிச்சுன்னா நுகத்தடி மேல தூக்கிரும், மாட்டுக்கு வண்டி வசப்படாது. ரொம்ப முன்பாரம்னா கழுத்து இத்துப் போயிரும். கையால தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றார்.

ஜீப்பிலிருந்து கழற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையில் எழும்பி வந்தது. டிரெய்லரையும் சேர்த்து 440 கிலோ மொத்தப் பாரத்தில் மூக்கு அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. பைகளையும் டப்பாவையும் எடுத்து ஜீப்புக்குள் போட்டோம். பெல்ட்டுகளைத் தளர்த்தி, கவ்வுச் சட்டத்தைக் கழற்றி முன் துளையில் மாட்டி, பைக்கை அரை அடி முன்னால் தள்ளினோம். அவ்வளவுதான் செய்தோம். மறுபடி தூக்கினால் இரண்டு கையும் இடுப்பும் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு 60க்கு மேல் போகவில்லை, ஆனால் பணகுடிக் காற்றிலும் அது கோடு போட்ட மாதிரி வந்தது.

மறுநாள் வீட்டில் கொக்கி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன்மேல் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் மிஷினை வைத்து, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கி நிறுத்தேன். முதல் நாள் வைத்த மாதிரியே வைத்தால் 26 கிலோ. திருத்தி வைத்தால் 49. மொத்தப் பாரத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் விழ வேண்டும் என்பது அமெரிக்காவில் டிரெய்லர் இழுப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கு. 440 கிலோவுக்கு அது 44இலிருந்து 66 வரை. ஒரு சிமென்ட் மூட்டை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். மாமனார் சொன்னதும் இதே கணக்குதான். அவர் மாட்டின் கழுத்தை வைத்துச் சொன்னார்.

எட்டடித் தளம் எதற்கு என்று எனக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது. அந்த அரை அடி நகர்த்த இடம் இருந்ததால்தான் ரோட்டோரத்திலேயே சரிசெய்ய முடிந்தது. ஏழரை அடித் தளமாக இருந்திருந்தால், சூப்பர் மீட்டியார் வைத்த இடத்திலேயே இறுகி உட்கார்ந்திருக்கும், ஆக்ஸிலுக்குப் பின்னால் பாரம் விழுந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நாக்பூர்ப் பையனின் வண்டி பத்து நாள் மாமனார் வீட்டுத் தொழுவத்தில் நின்றது. அவன் அண்ணன் வந்ததும் பெட்ரோலை முழுக்க வடித்து, சாக்கு சுற்றி, பார்சல் ஆபீஸில் ஒப்படைத்தோம். சொல்லப்போனால், 500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நானும் ரயிலைத்தான் சொல்வேன். டிரெய்லர் பக்கத்துத் தூரத்துக்கு உரியது.

இப்போது யாராவது என்னிடம் எந்த அளவு வாங்கலாம் என்று கேட்டால் முதலில் அவர்கள் வண்டியைப் பெட்டி, கேரியர் எல்லாம் மாட்டின நிலையில் டேப் வைத்து அளக்கச் சொல்கிறேன். கம்பெனிக் காகிதத்தில் இருக்கிற அளவு வேண்டாம். அதோடு ஒரு சாண் சேர்த்தால் தளத்தின் நீளம். அகலம் நாலரை அடிக்குக் குறைய வேண்டாம். அப்புறம் தளத்தின் உயரத்தைப் பார்த்து, அதைப்போல நான்கு மடங்கு பலகை. டிரெய்லர் வேண்டாம், வாடகைக்கு வண்டி பிடிக்கிறேன் என்பவர்களுக்கும் இதே அளவுதான். பொலேரோ பிக்கப்போ அசோக் லேலண்ட் தோஸ்தோ கேளுங்கள், எத்தனை அடித் தளம் என்று போனிலேயே கேளுங்கள், டிரைவர்கள் சரியாகச் சொல்வார்கள். கயிறு அவர்கள் கொண்டுவருவார்கள் என்று இருந்துவிட வேண்டாம். நான்கு ராட்செட் பெல்ட்டும் நான்கு துணி வளையமும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். பின்சக்கரத்துக்கும் இரண்டு பெல்ட் வேண்டும். முன்னால் மட்டும் கட்டினால் வண்டியின் பின்பக்கம் குலுக்கலில் நடந்து நடந்து ஓரத்துக்குப் போய்விடும்.

போன தை மாதம் நாங்கள் நினைத்த மாதிரியே குடும்பமாக ஒரு பயணம் போனோம். மனைவியும் பிள்ளைகளும் ஜீப்பில், பின்னால் டிரெய்லரில் ஒடுக்கு விழுந்த டேங்கோடு இமாலயன். பாளையங்கோட்டையில் கிளம்பி மூன்றடைப்பில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எந்தப் பக்கம் போனாலும் முதல் இருபது கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பது இப்போது எங்களுக்குப் பழக்கம், ஏனென்றால் புதிதாகக் கட்டின பெல்ட் அதற்குள் கொஞ்சம் இளகிவிடும். மனைவி டீ வாங்கப் போனாள். மைத்துனன் சக்கரத்தின் நடுவில் கை வைத்து பேரிங் சூடு பார்த்தான். நான் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இடது முன் பெல்ட் மட்டும் இளகியிருந்தது. ராட்செட்டில் இரண்டு பல் ஏற்றினேன்.